பூட்டுக்கு ஏற்ற கருவி

சாவியில்லாமல் பூட்டைத் திறப்பது என்று பேச்சை எடுத்தவுடனே கன்னக்கோலும் கள்ளச்சாவியும் நம்மவர் நினைவுக்கு வருவது இயல்பே. சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் கள்வருக்குத் துணையாகும் எட்டினை எண்ணிச் சொல்லும்போது, மந்திரத்தில் தொடங்கி ஏழினைச் சொல்லித் தீர்த்த பின்னரே, எட்டாவதாகக் கருவிக்கு வருகிறான். ஆனால் தனக்குச் சொந்தமான பூட்டைத் தன் மேஜைமேல் வைத்துக்கொண்டு, உள்ளே நடப்பதை விரல் நுனியின் ஸ்பரிசத்தால் மட்டுமே அறிந்து, எவருக்கும் தீங்கின்றித் திறந்து மகிழும் பொழுதுபோக்கு, ஐரோப்பாவில் சங்கம் வைத்து வளர்க்கப்படும் அளவுக்கு இக்காலத்தில் கௌரவம் பெற்றிருக்கிறது. ஜெர்மனியில் இதற்கென ஒரு சங்கம் 1997-இல் ஹாம்பர்க் நகரத்தில் தோன்றியது. அதையடுத்து நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் சங்கங்கள் எழுந்தன. ஆண்டுதோறும் போட்டிகள் நடைபெறுகின்றன. நம் பக்கத்து இளைஞர்கள் சிலரும் இப்போது இதில் ஆர்வம் கொள்கிறார்கள் என்பது எனக்கு மெய்யாகவே மகிழ்ச்சி தரும் செய்தி. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பொற்கொல்லன் எட்டாவதாக வைத்ததை முதலாவதாக வைத்து, எந்தப் பூட்டு என்று யோசியாமல் முதலில் கருவிப் பெட்டியை வாங்கிவிட்டு, அது ஏன் தங்கள் வீட்டுப் பூட்டில் நுழையக்கூட மறுக்கிறது என்று பின்னர் திகைக்கிறார்கள். தொடக்க நிலையில் இருப்பவர் எத்தகைய கருவிகளைத் தெரிந்தெடுப்பது உசிதம் என்ற கேள்வியை நாம் ஆராய வேண்டியது இந்தத் திகைப்பிலிருந்துதான்.

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில், 2011-இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட வீரபாண்டியை எடுத்துக்கொள்வோம். பனியன் கம்பெனிகளும், அவற்றுக்குத் துணிநெய்து கொடுக்கும் நிட்டிங் கூடங்களும், வெளியூரிலிருந்தும் ஒடிசா, பிகார் முதலிய வெளிமாநிலங்களிலிருந்தும் வந்து வேலை செய்வோர் குடியிருக்கும் லைன் வீடுகளும் நெருங்கிக் கிடக்கும் இவ்வட்டாரத்தில், வேலை நேரத்தில் ஒரு சந்துக்குள் நடந்து போனால் வரிசையாகப் பத்துக் கதவுகளில் பத்துத் தொங்குபூட்டுகளைக் காணலாம். அவற்றுள் பலவற்றின் முகத்தில் ‘6 லீவர்’ என்றோ ‘7 லீவர்’ என்றோ பொறித்திருக்கும். கோடவுன் ஷட்டரின் இருபுறமும் தொங்குபவையும் பெரும்பாலும் அந்த ஜாதியே. இவை திண்டுக்கல்லிலோ அலிகாரிலோ செய்யப்பட்டவையாகவோ, 1897-இல் பம்பாயில் அர்தேஷிர் கோத்ரெஜ் பூட்டுச் செய்வதற்கென்றே தொடங்கிய ஸ்தாபனத்தின் தயாரிப்பாகவோ இருக்கக்கூடும். எவ்வாறாயினும், அவற்றின் உள்ளமைப்பு நெம்பு என்றும் லீவர் என்றும் சொல்லப்படும் தகடுகளால் ஆனது. இணையவழி அங்காடிகளில் பதினைந்து இருபது உருப்படிகளாகப் பளபளப்பான தோலுறையில் வந்து சேரும் கருவித் தொகுதிகளோ ஏறத்தாழ முழுவதும் வேறொரு ஜாதிப் பூட்டுக்காக, அதாவது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுக்கு வீடு காணப்படும் பின் பூட்டுக்காக வகுக்கப்பட்டவை. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் வீண் செலவில் பாதி மிச்சமாகும்.

எந்தப் பூட்டு எந்த ஜாதி என்பதைப் பூட்டைப் பிரிக்காமலே சாவியைக் கொண்டு அறியலாம். தட்டையான பித்தளைச் சாவியின் ஒரு விளிம்பில் மலைத்தொடர் வரைந்தாற்போல மேடும் பள்ளமும் வெட்டப்பட்டு, அதன் பக்கங்களில் நெடுக ஓடும் காடிகள் இருக்குமானால் அது பின் பூட்டின் சாவி. உருண்டையான தண்டும், அதன் நுனியில் கொடி போல ஒருபுறம் நீண்ட சிறு தகடும், அத்தகட்டில் படிப்படியாக வெட்டுகளும் இருக்குமானால் அது லீவர் பூட்டின் சாவி என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். தண்டின் நுனி குழலாகத் துளைக்கப்பட்டிருந்தால் பூட்டின் துவாரத்துக்குள் நடுவில் ஒரு முளை நிற்கிறது என்று பொருள். கருவி அந்த முளையைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். மலிவான சில சிறு பூட்டுகளில் லீவரும் இராது, பின்னும் இராது. தவறான சாவி திரும்பாதபடி சில தடுப்புச் சுவர்கள் மட்டுமே இருக்கும். அச்சுவர்களைத் தொடாதவாறு இளைத்த ஒரு சாவியே அவற்றுக்குப் போதுமாகையால் அவற்றைப் பற்றி நான் இங்கே விரித்துரைக்கவில்லை.

பின் பூட்டின் தத்துவம் மிகவும் எளியது. அந்த எளிமையிலேயே அதன் அழகு இருக்கிறது. அசையாத கூட்டுக்குள் ஓர் உருளை. உருளையையும் கூட்டையும் ஊடுருவிச் செல்லும் ஐந்தாறு சிறு துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பின்கள். மேலே அவற்றை அழுத்தும் ஒரு ஸ்பிரிங். சரியான சாவி ஒவ்வொரு சோடியையும் உரிய உயரத்துக்குத் தூக்கும்போது இரு பின்களும் சந்திக்கும் இடம் உருளையின் விளிம்போடு ஒத்துப்போகிறது, உருளை சுழல்கிறது. பழங்கால எகிப்திய மரத்தாழ்களில் இருந்த இந்த யோசனைக்கு லைனஸ் யேல் என்னும் அமெரிக்கர் 1860-களில் இன்றைய உலோக வடிவத்தைக் கொடுத்தார். எந்த இயந்திரமும் ஆறு துளைகளை ஒரே நேர்கோட்டில் அணுவும் பிசகாமல் இட வல்லதன்று என்பதே இந்தக் கலைக்கு ஆதாரம். உருளையை லேசாகத் திருகிப் பிடித்தால் ஆறு பின்களும் ஒருசேர இறுகுவதில்லை. ஏதாவது ஒன்றுதான் முதலில் இறுகும். அதைத் தேடிக் கண்டு, தூக்கி, உரிய இடத்தில் உட்கார வைத்தால் உருளை மயிரிழை நகரும். அடுத்து இன்னொன்று இறுகும். நிட்டிங் மெஷின் சிலிண்டரின் காடிகளில் நூற்றுக்கணக்கான ஊசிகள் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, துணியில் விழும் ஒரு கோட்டைக் கண்டும் காடியைத் தடவிப் பார்த்தும் இறுகி நிற்கும் ஒற்றை ஊசியைப் பிடித்துவிடும் பிட்டருக்கு இந்தத் தத்துவத்தை விளக்க அதிக நேரம் ஆகாது. வீரபாண்டி இளைஞர்கள் இக்கலையில் நன்றாக வருவார்கள் என்று நான் நம்புவதற்கு அதுவே காரணம்.

இவ்விளக்கத்திலிருந்து கருவிகள் இரண்டு வகை என்பது தானே தெளிவாகும்: உருளையைத் திருகிப் பிடிக்க ஒன்று, பின்னைத் தூக்க ஒன்று. தூக்கும் கருவியைப் பற்றி எல்லோரும் வர்ணித்து வர்ணித்து எழுதுகிறார்கள். திருகும் கருவியை ‘ஒரு வளைந்த கம்பி’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் தொடக்க நிலையில் இருப்பவர் தம் கவனத்தில் முக்கால் பங்கைத் திருகு கருவிக்கே செலவிட வேண்டும். அது துவாரத்தில் தளர்ந்து ஆடுமானால் பின்னிலிருந்து வரும் செய்தி விரலை வந்தடைவதற்குள் கலங்கிவிடுகிறது. அளவுக்கு மீறி இடத்தை அடைத்துக்கொள்ளுமானால் தூக்கும் கருவி உள்ளே திரும்ப வழியில்லாமல் போகிறது.

திருகு கருவியைத் துவாரத்தின் அடிப்புறத்தில், பின்களுக்கு எதிர்ப்பக்கத்தில் வைப்பது பழைய வழக்கம். பின்களின் பக்கத்திலேயே துவாரத்தின் வாயோரத்தில் வைப்பது பிற்காலத்தில் பரவிய வழக்கம். இரண்டாவது முறையில் துவாரம் முழுவதும் தூக்கும் கருவிக்குக் கிடைக்கிறது; குட்டையான தொங்குபூட்டுகளில் இது பெரிய அனுகூலம். ஆனால் அதற்குத் தகடு துவாரத்தின் அகலத்தோடு கச்சிதமாகப் பொருந்த வேண்டும். ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனமும் 1.25 மில்லிமீட்டர் கனமும் உள்ள இரண்டு தகடுகள் கையில் இருந்தால் பெரும்பாலான பூட்டுகளுக்கு ஏதாவது ஒன்று பொருந்திவிடும். அடிப்புறத்துக்கு மெல்லிய கம்பி ஒன்று. ஆக மூன்று; அதற்கு மேல் வேண்டியதில்லை. ஸ்பிரிங் போலச் சுருண்டு தானே தளர்ந்து கொடுக்கும் என்று விற்கப்படும் திருகு கருவியைப் புதியவர் தவிர்ப்பது நலம். எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை விரலுக்குக் கற்பிக்க வேண்டிய காலத்தில் அந்தச் சுருள் விரலுக்கும் பூட்டுக்கும் இடையே புகுந்து பாடத்தைக் கெடுத்துவிடுகிறது.

தூக்கும் கருவிகளில் நுனி சற்றே மேல்நோக்கி வளைந்த கொக்கிதான் தலையாயது. குட்டைக் கொக்கி ஒன்று, அதைவிடச் சிறிது உயர்ந்த கொக்கி ஒன்று. இவ்விரண்டாலும் திறக்கப்படாத பின் பூட்டை முதல் ஓராண்டில் சந்திப்பது அரிது. பின்களின் நீளம் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட பூட்டில், முன்னே தாழ்ந்து தொங்கும் நீண்ட பின்னைத் தொந்தரவு செய்யாமல் பின்னே ஒதுங்கிய குட்டைப் பின்னைத் தொடுவதற்குத்தான் உயர்ந்த கொக்கி தேவைப்படுகிறது. நுனியில் பாதி வைரம் போன்ற முக்கோணமுள்ள கருவி எல்லாத் தொகுதிகளிலும் தவறாமல் இடம்பெறுகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் கொக்கியின் வேலையை அது கொக்கியளவு செம்மையாகச் செய்வதில்லை.

அடுத்து ரேக் என்று சொல்லப்படும் அலையலையான பல்வரிசைக் கருவி. திருகு கருவியை மெல்லப் பிடித்துக்கொண்டு இதை உள்ளே விட்டு முன்னும் பின்னும் ஆட்டினால், மலிவான பூட்டுகளில் பின்கள் குலுங்கிக் குலுங்கித் தற்செயலாக இடத்தில் அமர்ந்து, சில கணங்களில் பூட்டுத் திறந்துவிடுவதுண்டு. முதல் நாளிலேயே ஒரு பூட்டுத் திறந்த சந்தோஷம் உற்சாகம் அளிக்கும் என்பதால் ஒன்றை வைத்துக்கொள்வதில் பிழையில்லை. ஆனால் ரேக்கினால் திறந்தவர் தாம் எதைச் செய்ததால் திறந்தது என்று சொல்ல இயலாது. அறிவு சேராத வெற்றியில் பழகிவிட்டால், இடை மெலிந்த பின்களையோ வரிவரியாகக் காடி வெட்டிய பின்களையோ வைத்துச் செய்யப்பட்ட நல்ல பூட்டு எதிர்ப்பட்டவுடன் கை ஓய்ந்துவிடும். தொகுதியில் பத்து ரேக்குகளும் இரண்டு கொக்கிகளும் இருந்தால் அந்தத் தொகுதியை வகுத்தவர் எண்ணிக்கையைக் காட்டி விற்க எண்ணினார் என்றே நான் முடிவு செய்வேன். விசையை இழுத்தால் பின்களை ஓங்கித் தட்டும் துப்பாக்கி வடிவக் கருவியையும், மின்சாரத்தால் அதிரும் கருவியையும், தட்டித் திறக்கும் சாவிகளையும் தொழில்முறையில் அவசரத்துக்குத் திறப்பவர்களிடம் விட்டுவிடலாம். பொழுதுபோக்காகக் கற்பவருக்கு அவை கற்றுக்கொடுப்பது ஒன்றுமில்லை; பூட்டையும் அவை தேய்த்துவிடுகின்றன.

கருவியின் வடிவத்துக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது அதன் கனம். பரவலாகக் கிடைப்பவை 0.6 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். காடிகள் நெளிந்து நெளிந்து துவாரத்தை நெருக்கும் ஐரோப்பியப் பாணிப் பூட்டுகளுக்கு 0.4 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்த கருவி வேண்டும். புதியவர்கள் கனத்ததிலிருந்து தொடங்குவதே நல்லது. மெலிந்த கருவி, அளவறியாத கையில் எளிதில் வளைந்துபோகும். எஃகைப் பொறுத்தவரை, வளைத்தால் நிமிர்ந்துவிடும் ஸ்பிரிங் எஃகு அல்லது அதற்கு நிகரான துருப்பிடிக்காத எஃகு என்பதே தேவை. பெயர் தெரியாத தயாரிப்பாளர்களின் மலிவுத் தொகுதிகளில் கருவிகளைத் தகட்டிலிருந்து அச்சில் வெட்டியபடியே அனுப்பிவிடுகிறார்கள். விளிம்பை விரலால் தடவினாலே பிசிறு தட்டுப்படும். அந்தப் பிசிறு பின்னின்மேல் உரசும்போது எழும் கரகரப்பு, பின் உட்காரும்போது எழும் நுண்ணிய அசைவை விழுங்கிவிடுகிறது. 400-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 600, 1000 என்று ஏறித் தேய்த்து, நுனியைக் கண்ணாடிபோல் மெருகேற்றி எடுத்தால் மலிவான கருவியும் ஓரளவு பயன்படும். இந்த வேலையைச் செய்ய ஒரு மாலைப்பொழுது போதும். செய்தவர்கள் கருவியின் நுனியை அப்போதுதான் முதன்முதலாக உற்றுப் பார்த்ததாகச் சொல்வார்கள்.

விலைக்கு வாங்குவதானால் அமெரிக்காவின் சவுத்ஆர்ட், பீட்டர்சன், கனடாவின் ஸ்பாரோஸ், ஜெர்மனியின் மல்டிபிக் ஆகிய பெயர்கள் உலகறிந்தவை. சுங்கவரியும் தபால் கட்டணமும் சேர்ந்து விலை ஏறிவிடுகிறதே என்று நம் பக்கத்தில் பலர் தயங்குகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: தொகுதியாக வாங்காமல் உதிரியாக இரண்டு கொக்கிகளும் மூன்று திருகு கருவிகளும் மட்டும் வாங்குங்கள், அல்லது நீங்களே செய்துகொள்ளுங்கள். செய்துகொள்வதற்குத் திருப்பூரைவிட வசதியான ஊர் குறைவு. பன்னிரண்டு அங்குல ஹாக்ஸா பிளேடின் கனம் ஏறத்தாழ 0.63 மில்லிமீட்டர், கொக்கிக்கு வேண்டிய கனமும் அதுவே. கிரைண்டரில் பல்லைத் தேய்த்து எடுத்துவிட்டு, காகிதத்தில் வரைந்த வடிவத்தை மேலே ஒட்டி, சிறிது சிறிதாகத் தேய்த்துக்கொண்டே வரலாம். தேய்க்கும்போது பிளேடை வெறுங்கையால் பிடித்து, சூடு பொறுக்க முடியாத கணத்திலேயே நீரில் தோய்த்துவிட வேண்டும். நுனி நீலம் பாரித்தால் எஃகின் உறுதி போயிற்று. கண்ணாடி அணிந்துகொள்வதில் அலட்சியம் கூடாது. ஓட்டுநர்கள் கழித்துப்போடும் கார் வைப்பர் ரப்பருக்குள்ளே நெடுக இரண்டு எஃகுப் பட்டைகள் இருக்கும். திருகு கருவிக்கு அவை போல வாய்ப்பான பொருளை நான் கண்டதில்லை. டயலுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி அளக்க நிட்டிங் பிட்டர்கள் பையில் வைத்திருக்கும் பில்லர் கேஜ் ஒரு நல்ல அளவுகோல்: அதன் தகடுகளை ஒவ்வொன்றாகப் பூட்டின் வாயில் வைத்துப் பார்த்தால் எந்தக் கனத்தில் திருகு கருவி செய்ய வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

இனி, நம் ஊர்ப் பூட்டாகிய லீவர் பூட்டுக்கு வருவோம். 1778-இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் என்பவர் லீவர்களை இருபுறக் கட்டுப்பாட்டோடு அமைத்தார்: ஒவ்வொரு லீவரையும் குறித்த உயரத்துக்குத் தூக்க வேண்டும், குறைந்தாலும் கூடினாலும் தாழ் நகராது. 1817-இல் போர்ட்ஸ்மத் கப்பல்துறையில் நடந்த ஒரு களவை அடுத்து, 1818-இல் ஜெரமையா சப் ஒரு புதிய லீவர் பூட்டைச் செய்தார். கள்ளத்தனமாக எவராவது லீவரை மிகையாகத் தூக்கினால் அது மாட்டிக்கொண்டு, உடையவர் அடுத்த முறை சாவி போடும்போது நடந்ததைக் காட்டிக்கொடுத்துவிடும். இதற்கும் முன்னமே, 1784-இல் உரிமம் பெற்ற ஜோசப் பிராமாவின் பூட்டு, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு லண்டன் பிக்காடிலியில் அவர் கடைச் சன்னலில் பல்லாண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தது. 1851-இல் லண்டன் மகா கண்காட்சிக்கு வந்த ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர் சப்பின் பூட்டை ஏறத்தாழ 25 நிமிஷத்தில் திறந்து காட்டினார். பிராமாவின் பூட்டைப் பதினாறு நாட்களில் பரவலாக 51 மணி நேரம் உழைத்துத் திறந்தார். சரித்திரத்தைப் படிப்பவர்கள் அந்த மணிக்கணக்கை வியந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நம் விசாரணைக்கு முக்கியமானது, அவர் எந்தப் பொதுக் கருவிப் பெட்டியையும் கொண்டு அவற்றைத் திறக்கவில்லை என்பதே. எதிரே இருந்த பூட்டை ஆராய்ந்து அதற்கென்றே கருவி வகுத்தார். லீவர் பூட்டுக்கு உரிய கருவி இன்றளவும் ஹாப்ஸ் கருவி என்றே வழங்குகிறது.

அக்கருவியின் அமைப்பு இது: ஒன்றுக்குள் ஒன்றாகவோ ஒன்றையொட்டி ஒன்றாகவோ செல்லும் இரண்டு உறுப்புகள், ஒன்று பூட்டின் ஆழத்தில் சென்று தாழைத் தள்ளிப் பிடிக்கிறது, மற்றொன்று லீவர்களை ஒவ்வொன்றாகத் தூக்குகிறது. பின் பூட்டில் இருந்த அதே தத்துவம்தான். ஆனால் லீவரின் ஸ்பிரிங் பின்னின் ஸ்பிரிங்கைவிடப் பன்மடங்கு வலியது, தூக்க வேண்டிய தூரமும் அதிகம். எனவே 0.6 மில்லிமீட்டர் கொக்கி இங்கே வளையுமே தவிர லீவர் அசையாது. சைக்கிள் சக்கரத்தின் போக்ஸ் கம்பி, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் விட்டமுள்ளது, இதற்குத் தகுந்த பொருள். இரண்டு போக்ஸ் கம்பிகளின் நுனிகளை வெவ்வேறு நீளத்தில் செங்கோணமாக மடக்கி, மடக்கிய பகுதியை அரத்தால் தட்டையாக்கினால் ஒரு தொடக்கக் கருவி கிடைத்துவிடும். வெளிநாட்டில் விற்கும் லீவர் கருவிகள் அங்கே கதவுகளில் பதிக்கும் பூட்டின் ஆழத்துக்கும் துவாரத்துக்கும் ஏற்றவை. நம் தொங்குபூட்டுகளுக்கு அவை அப்படியே பொருந்துவதில்லை. ஆகவே இந்த வகையில் செய்துகொள்வதைத் தவிர வேறு மார்க்கமில்லை என்றே சொல்ல வேண்டும்.

கருவிகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு முறையையும் இங்கே குறிப்பிட வேண்டும், ஏனெனில் அது நம் தெருவோரங்களில் தினமும் நடக்கிறது. சாவியைத் தொலைத்தவர் பூட்டைக் கொண்டுபோய்க் கொடுத்ததும், குடையின் கீழே சாவிக்கொத்துகளைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் சாவிக்காரர் கொக்கி எதையும் எடுப்பதில்லை. வெட்டப்படாத ஒரு வெற்றுச் சாவியைத் துவாரத்தில் விட்டு அழுத்தித் திருகுகிறார்; வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்க்கிறார்; உள்ளே இறுகிய உறுப்பு சாவியின்மேல் பதித்த புள்ளி எங்கே மினுங்குகிறதோ அங்கே அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து மறுபடியும் உள்ளே விடுகிறார். புள்ளி மறையும் இடத்தில் அரம் நிற்கிறது. வேறிடத்தில் புள்ளி தோன்றுகிறது. இப்படியே போய்க் கடைசியில் பூட்டுத் திறக்கும்போது அவர் கையில் முழுமையான ஒரு சாவியும் இருக்கிறது. ஐரோப்பியச் சங்கங்கள் இதைத் தனிப் போட்டியாகவே நடத்துகின்றன. நுண்ணிய பல்லுள்ள வட்ட அரம் ஒன்று, வெற்றுச் சாவிகள் ஒரு பிடி, சாவியைப் பிடிக்க ஒரு கைப்பிடி, நல்ல வெளிச்சம்: இவ்வளவே இதற்குரிய உபகரணங்கள். பொறுமையும் கூர்த்த பார்வையும் உடைய புதியவர் கொக்கியைத் தொடாமல் இதிலிருந்தே தொடங்கினால் நான் மெச்சுவேன். அதற்கு ஆசானும் ஊரிலேயே இருக்கிறார்.

பழகும் பூட்டுகளும் கருவிகளில் சேர்ந்தவையே என்று நான் கருதுகிறேன். உள்ளே நடப்பதெல்லாம் தெரியும்படி கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கில் செய்த பூட்டு, தத்துவத்தைப் புரிந்துகொள்ள ஒரு முறை உதவும். ஆனால் அதன் துளைகள் மிகவும் தளர்ந்தவை, கண் பார்த்துக்கொண்டே இருப்பதால் விரல் கற்பதும் இல்லை. பின்களைக் கழற்றி மாற்றக்கூடிய ஓர் உருளைப் பூட்டை வாங்கி, முதலில் ஒரே ஒரு பின்னோடும், அது கைவந்தபின் இரண்டோடும், பிறகு மூன்றோடும் என்று ஏறுவது ஆயிரம் மடங்கு மேல். கருவிக்கென்று ஒதுக்கிய பணத்தில் பாதியை இத்தகைய பூட்டுகளுக்குச் செலவிடுபவர் ஏமாறுவதில்லை.

எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியவை இரண்டு. சங்கங்கள் அனைத்தும் ஏற்றுக்கொண்ட விதி: தனக்குச் சொந்தமில்லாத பூட்டை உடையவர் அனுமதியின்றித் தொடுவதில்லை, சொந்தமேயானாலும், வீட்டைக் காத்துக்கொண்டிருக்கும் பூட்டைப் பழகுவதற்கு எடுப்பதில்லை. முன்னது தர்மம், பின்னது விவேகம், ஏனெனில் உள்ளே ஒரு பின் சிக்கிக்கொண்டால் இரவெல்லாம் வாசலில் நிற்க நேரும். சட்டத்தைப் பார்த்தால், வீட்டுக்குள் அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறப்பது 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 445-ஆவது பிரிவின்படியே கன்னக்களவின் இலக்கணத்துக்குள் அடங்கியது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 330-ஆவது பிரிவு அதையே சொல்கிறது. குற்றம் நோக்கத்தில் இருக்கிறது. ஆனால் நள்ளிரவில் வாகனச் சோதனையின்போது சட்டைப்பையிலிருந்து கொக்கிகள் வெளிப்பட்டால் நோக்கத்தை விளக்கிக்கொண்டிருக்க நேரிடும் என்பதால், கருவிகள் வீட்டு மேஜையறையிலேயே இருப்பது உத்தமம். லைன் வீடுகளில் கூடி வாழும் இடத்தில், பக்கத்து அறைக்காரரிடம் இன்ன பொழுதுபோக்கு என்று முன்கூட்டியே காட்டி விளக்கிவிடுவதும் நல்லது. மறைவாகச் செய்வதுதான் சந்தேகத்தை விளைவிக்கும்.

பின் பூட்டில் கை தெளிந்தவர் ஒரு நாள் ஒழித்துக்கொண்டு தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல்லுக்குப் போய்வர வேண்டும் என்பது என் விருப்பம். 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, நாகல் நகரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் கையால் செய்யப்பட்டு வந்தது. மாங்காய் வடிவப் பூட்டு, சாவி திரும்பும்போது மணியடிக்கும் பூட்டு, மறைந்திருக்கும் விசையை அறிந்தாலொழியத் துவாரமே கண்ணில் படாத தந்திரப் பூட்டு எனப் பல விதங்களில் அவ்வூர்க் கம்மியர்கள் தங்கள் சாமர்த்தியத்தைக் காட்டியிருக்கிறார்கள். இயந்திரத்தில் செய்து மலிவாக வரும் அலிகார்ப் பூட்டின் போட்டியில் இத்தொழில் நலிந்து, பட்டறைகள் குறைந்துவிட்டன என்பது நெஞ்சை வருத்தும் உண்மை. லீவர்களைக் கையால் அராவிச் சேர்ப்பதால் இப்பூட்டுகளில் ஒன்றைப்போல் ஒன்று இராது. ஆகவே ஒன்றுக்கென வளைத்த போக்ஸ் கம்பி மற்றொன்றுக்கு அப்படியே உதவாது. ஒரே அளவில் இரண்டு பூட்டுகள் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றின் ஆணித்தலைகளை அரத்தால் அராவி மேல்தகட்டைக் கழற்றி, லீவர்கள் எத்தனை, எவ்வளவு உயரம் எழும்புகின்றன, தாழின் முளை எந்தப் பள்ளத்தில் விழுகிறது, துவாரத்திலிருந்து தாழ் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காகிதத்தில் அளந்து வரைந்துகொள்ளுங்கள். அந்தப் படத்தைப் பார்த்துக் கம்பியை வளைத்து, முழுதாக இருக்கும் மற்றதில் விட்டுப் பாருங்கள். எந்த லீவரில் இடிக்கிறதோ அந்த மடிப்பை மட்டும் அரத்தால் சிறிது குறைத்து மறுபடியும் விடுங்கள்.